கஞ்சா, போதை மாத்திரை, வேலை: தமிழ்நாட்டில் போதைப்பொருள் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சட்டத்தில் வழக்கு போடுகிறார்கள்?

பெரும்பாலும் 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டம். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் சொல்வது என்.டி.பி.எஸ். சட்டம். நாடாளுமன்றம் போட்ட சட்டம் என்பதால் சென்னையில் பிடிபட்டாலும் விசாகப்பட்டினத்தில் பிடிபட்டாலும் தண்டனை ஒன்றுதான். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது, கூடவே என்ன மாநிலச் சட்டம் வந்து சேர்கிறது என்பதில். தமிழ்நாட்டில் அப்படி வந்து சேர்வது குண்டர் சட்டம். அதைப் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

எவ்வளவு வைத்திருந்தால் எவ்வளவு தண்டனை?

இந்தச் சட்டத்தில் எடைதான் வழக்கின் தலையெழுத்து. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கோடுகள் உண்டு. கீழ்க்கோட்டுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு. மேல்கோட்டைத் தாண்டினால் வணிக அளவு. நடுவில் இருப்பதை வக்கீல்கள் இடைப்பட்ட அளவு என்பார்கள். 2001 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலும் அதன் பிறகு சேர்த்தவையும்தான் அடிப்படை. இங்கே அடிக்கடி வழக்காகிறவை:

கஞ்சா: 1 கிலோ / 20 கிலோ
சரஸ், ஹஷிஷ்: 100 கிராம் / 1 கிலோ
ஹெராயின்: 5 கிராம் / 250 கிராம்
கொகைன்: 2 கிராம் / 100 கிராம்
மெத்தபெட்டமைன்: 2 கிராம் / 50 கிராம்
எம்.டி.எம்.ஏ.: அரை கிராம் / 10 கிராம்
எல்.எஸ்.டி.: 2 மில்லிகிராம் / 100 மில்லிகிராம்
அல்பிரசோலம்: 5 கிராம் / 100 கிராம்
நைட்ரசெபாம்: 20 கிராம் / 500 கிராம்

சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014-க்கு முன் இது ஆறு மாதமாக இருந்தது. பழைய வலைப்பக்கங்கள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20. அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை. நீதிபதி காரணம் எழுதிவிட்டு இரண்டு லட்சத்துக்கு மேலும் போடலாம். முதல் குற்றம், குடும்பத்தில் ஒரே வருமானம் என்றெல்லாம் சொல்லி 10 ஆண்டுக்குக் கீழே இறக்க வழி இல்லை.

கஞ்சாச் செடி ஒன்றே ஒன்று வளர்த்தாலும் எடைக் கணக்கு கிடையாது. பயிரிட்டதற்கு 10 ஆண்டு வரை சிறை. மாடித் தொட்டிக்கும் இதே பிரிவுதான்.

விற்கவில்லை, சொந்த உபயோகத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்றால் தண்டனை குறையுமா?

பலரும் நம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். சட்டம் அப்படி இல்லை. கஞ்சாவுக்கான பிரிவு 20-இல் வைத்திருத்தல், வாங்குதல், விற்றல், கொண்டுபோதல் எல்லாம் ஒரே வரியில் வருகின்றன. 3 கிலோவை விற்றவருக்கும் 3 கிலோவைப் பரணில் வைத்திருந்தவருக்கும் பிரிவு ஒன்று, அதிகபட்சத் தண்டனையும் ஒன்று. 'எனக்காகத்தான்' என்ற வாதம் இடைப்பட்ட அளவில் நீதிபதி எத்தனை ஆண்டு போடுவார் என்பதை வேண்டுமானால் அசைக்கும். நண்பனுக்குக் காசு வாங்காமல் கொடுத்தேன் என்பதும் தப்பிக்கும் வழி அல்ல.

உட்கொண்டதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது: பிரிவு 27. கொகைன், மார்ஃபின், ஹெராயின் என்றால் ஓராண்டு வரை அல்லது 20,000 ரூபாய் வரை. மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை அல்லது 10,000 ரூபாய் வரை. கணக்குப் பார்த்தால், கஞ்சா புகைத்ததற்கான தண்டனையைவிடப் புகைக்கப் பொட்டலத்தில் வைத்திருந்ததற்கான தண்டனை அதிகம்.

எடையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கலப்படமும் சேருமா?

சேரும். 2008-இல் இ. மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுத்தமான போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்கச் சொன்னது. 2009-இல் மத்திய அரசு முழுக் கலவையும் எடைதான் என்று அறிவிக்கை போட்டது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அரசின் பக்கம் நின்றது. இப்போது மாவு, சர்க்கரை, ஸ்டார்ச் எல்லாம் சேர்த்துத்தான் எடை.

இதன் வீச்சு மாத்திரையில்தான் தெரியும். அரை மில்லிகிராம் அல்பிரசோலம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் மொத்த எடை 100 மில்லிகிராம் என்று வைப்போம். 1,100 மாத்திரையில் உள்ள மருந்து அரை கிராமுக்குச் சற்று மேல், அதாவது சிறு அளவுக்கும் வெகு கீழே. மொத்த எடையோ 110 கிராம், வணிக அளவு. பழைய கணக்கில் ஓராண்டுக்குள் முடிந்திருக்கும், புதிய கணக்கில் பத்தாண்டில் தொடங்குகிறது. கஞ்சா சாக்லேட்டிலும் இந்தச் சண்டைதான் நடக்கிறது.

பொருளோடு சேராத உறையின் எடை சேரக் கூடாது. பாலித்தீன் கவர், பழுப்பு டேப், சாக்கு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தார்களா, பிரித்து நிறுத்தார்களா என்று மகஜரில், அதாவது சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதும் பறிமுதல் குறிப்பில் பாருங்கள். 1 கிலோ 50 கிராம் என்று எழுதியிருக்கும் வழக்கில், கவரைக் கழித்தால் சிறு அளவுக்கு இறங்கிவிடலாம். சிறு அளவு வழக்கு நீதித்துறை நடுவரிடம் சுருக்க விசாரணையில் முடியக்கூடியது. ஒரு கிலோவைத் தொட்டுவிட்டால் சிறப்பு நீதிமன்றம். அந்த 50 கிராமுக்கு அவ்வளவு கனம்.

இலை, விதை, தண்டு கணக்கில் வருமா? பாங்?

சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா அல்ல. நுனியோடு சேர்ந்து இருந்தால் அவையும் எடையில் சேரும். மகஜரில் 'பூவும் காயும் கூடிய' என்ற விவரம் இருக்கிறதா, இல்லை 'பச்சை இலை போன்ற பொருள்' என்று மட்டும் எழுதிவிட்டார்களா என்று வக்கீல்கள் தேடுவது இதனால்தான். இலையை அரைத்துச் செய்யும் பாங் என்.டி.பி.எஸ். விளக்கத்துக்குள் வராவிட்டாலும் தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அதைப் பார்த்துக்கொள்ளும். வாரணாசியில் கடையில் விற்கிறதே என்று ரயிலில் வாங்கி வந்துவிடாதீர்கள்.

பை என்னுடையது இல்லை, பைக்கில் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். நானும் குற்றவாளியா?

பொருள் இருப்பது தெரிந்தும், அதன் மேல் ஏதோ ஒரு பிடி இருந்தும்தான் 'வைத்திருந்தார்' ஆகும். அறிந்த உடைமை என்பார்கள். ஆனால் பிரிவு 35, 54 இரண்டும் சுமையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. பொருள் உங்கள் பிடியில் இருந்தது என்று அரசுத் தரப்பு அடிப்படையை நிறுவிவிட்டால், தெரியாது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பேருந்தின் லக்கேஜ் ரேக்கில் இருந்த பை யாருடையது என்பதில் டிக்கெட், பைக்குள் இருந்த ஆதார் நகல், செல்போன் பேச்சு விவரம், வாட்ஸ்ஆப் அரட்டை எல்லாம் பேசும். அறையில் நான்கு பேர் தங்கியிருந்து ஒருவர் பெட்டியில் கிடைத்தால், பூட்டும் சாவியும் யாரிடம் இருந்தன என்பதுதான் முதல் கேள்வி.

போலீஸ் சட்டைப் பையில் கை விடலாமா? என்ன உரிமை இருக்கிறது?

உடலைச் சோதிக்கும் முன் பிரிவு 50-இன்படி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: விரும்பினால் கெசட்டட் அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு என்று. 2010-இல் விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இது கட்டாயம் என்றது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள் சில. இரண்டு மூன்று பேரைச் சேர்த்து நிறுத்தி ஒரே தாளில் சம்மதம் வாங்குவது. 'எங்களோடு வந்திருக்கும் அதிகாரியே போதுமா?' என்று மூன்றாவது வழி ஒன்றைக் காட்டுவது. பரமானந்த் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கினால் அதையும் விசாரணையில் கேட்கலாம்.

ஆனால் ஒன்று: பிரிவு 50 உடலுக்கு மட்டும். கையில் இருக்கும் பை, தோள்பை, வண்டியின் டிக்கி ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. 2023-இல் ரஞ்சன் குமார் சட்டா வழக்கிலும் இதையே மறுபடி உறுதி செய்தார்கள். பெரிய பறிமுதல்கள் எல்லாம் பையிலும் வண்டியிலும்தான் நடப்பதால், இந்தப் பிரிவை மட்டும் நம்பி இறங்குவது வீண்.

வீட்டுக்குள் நுழைவதற்குப் பிரிவு 42. தகவல் வந்தால் எழுதி வைத்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்த பின் வாரன்ட் இல்லாமல் நுழைவதானால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். பேருந்து நிலையம், ஹோட்டல், கடை போன்ற பொது இடத்துக்குப் பிரிவு 43 வரும். அங்கே இந்தக் கட்டுப்பாடு இல்லை.

கைப்பற்றிய பொருளுக்கு அப்புறம் என்ன நடக்கும்?

சம்பவ இடத்திலேயே கொஞ்சம் கிள்ளி இரண்டு கவரில் போட்டு அனுப்புவதுதான் பழைய வழக்கம். 2016-இல் மோகன்லால் வழக்குக்குப் பிறகும், 2022 டிசம்பரில் வந்த புதிய விதிகளுக்குப் பிறகும் மாதிரி எடுப்பது நீதித்துறை நடுவர் முன்னிலையில்தான். கஞ்சா, சரஸ், அபின் என்றால் ஒரு மாதிரிக்கு 24 கிராம், மற்றவற்றுக்கு 5 கிராம், ஒவ்வொன்றிலும் இரண்டு மாதிரி. கைது, பறிமுதல் பற்றிய முழு அறிக்கை 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும்.

இதில் தவறினால் வழக்கு தானாக உடைந்துவிடுமா என்றால், இல்லை. பரத் ஆம்பலே வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, மாதிரி எடுப்பது பற்றிய 52-ஏ பிரிவை மீறியது மட்டுமே விடுதலைக்குப் போதாது, மற்றச் சாட்சியங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். சீல் எண், மகஜரில் உள்ள நேரக் குறிப்பு, ஸ்டேஷன் சொத்துப் பதிவேடு, ஆய்வகம் பெற்ற தேதி ஆகிய நான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓட்டை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் செல்லுமா?

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எப்போதுமே சாட்சியம் அல்ல. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவான என்.சி.பி. அதிகாரிகளிடம் கொடுத்தது மட்டும் நெடுங்காலம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதை நிறுத்தியது தமிழ்நாட்டில் இருந்து போன வழக்குதான்: தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு, 2020 அக்டோபர் 29. இந்த அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகள்தான், பிரிவு 67-இல் வாங்கிய வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. கூட்டாளி ஒருவர் உங்கள் பெயரைச் சொன்னார் என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லாத வழக்கில் இந்தத் தீர்ப்புதான் முதல் ஆயுதம்.

ஜாமீன் கிடைக்குமா?

சிறு அளவுக்குப் பெரும்பாலும் சில நாட்களில் கிடைத்துவிடும். அது ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்பதில் ஐகோர்ட்டுகள் ஒன்றுபடவில்லை. அதனால் ஸ்டேஷனிலேயே விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்காமல் நடுவரிடம் மனுப் போடத் தயாராக இருங்கள். இடைப்பட்ட அளவுக்கு வழக்கமான ஜாமீன் விதிகள். பழைய வழக்கு இருக்கிறதா, ஆய்வக அறிக்கை வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்.

வணிக அளவில்தான் பிரிவு 37 குறுக்கே நிற்கும். அரசு வக்கீலுக்கு எதிர்க்க வாய்ப்புத் தர வேண்டும். அவர் எதிர்த்தால், இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே வந்தால் மறுபடி செய்ய மாட்டார் என்று இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். விசாரணைக்கு முன்பே குற்றவாளி இல்லை என்று காட்டு என்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆகவே கேட்கக்கூடிய வழிகள் வேறு: எடைக் கணக்கு, அறிந்த உடைமை, வெறும் கூட்டாளி வாக்குமூலம், விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுப்பது. கடைசியாகச் சொன்னதை 2023-இல் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

குற்றப்பத்திரிகைக்கான கெடு வணிக அளவுக்கு 180 நாள். அரசு வக்கீல் காரணம் காட்டினால் ஓராண்டு வரை நீட்டலாம். குறைந்தபட்சம் 10 ஆண்டு என்று இல்லாத குற்றங்களுக்கு, ராகேஷ் குமார் பால் தீர்ப்பின்படி, 60 நாள். கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே அதற்கான மனு உள்ளே இருக்க வேண்டும். மனு போடும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வரவில்லை. ஏன்?

அநேகமாகக் குண்டர் சட்டம். 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14-இல் 'போதைப்பொருள் குற்றவாளி' என்று ஒரு வகையே இருக்கிறது. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவு போட்டால் விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போது சிறையிலேயே உத்தரவைக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. இதற்கு எதிராக அரசுக்கு முறையீடு, இந்தக் காவல் உத்தரவுகளை ஆராயும் அறிவுரைக் கழகம், ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு என்று மூன்று வழி உண்டு. உத்தரவுகள் விழுவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயத்தில்: கொடுத்த ஆவண நகல் படிக்க முடியாமல் இருப்பது, தமிழ் மொழிபெயர்ப்பு தராதது, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதித்தது. உத்தரவோடு வந்த தொகுப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் பாருங்கள்.

சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்கு உண்டா?

உண்டு, வரம்போடு. பிரிவு 27-இலோ சிறு அளவிலோ குற்றம் சாட்டப்பட்டவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் 64-ஏ பிரிவு வழக்கிலிருந்து விடுவிக்கும். பாதியில் விட்டுவிட்டு வந்தால் விலக்கு போய்விடும். தண்டனை முடிவான பின்னும் பிரிவு 39-இன்படி நீதிமன்றம் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

இந்தப் பிரிவு அதிகம் பயன்படாததற்குக் காரணம், யாரும் கேட்பதில்லை என்பதுதான். குடும்பம் சிகிச்சைச் சீட்டை வைத்துக்கொண்டு, அதை மனுவோடு இணைக்காமல், அபராதம் கட்டி முடித்துவிடுகிறது. அபராதம் என்றால் அது தண்டனை. பின்னால் வேலைக்குப் போகும்போது வந்து நிற்கும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, அரசின் 'கலங்கரை' போதை மீட்பு மையங்கள் ஆகியவற்றில் பதிவு செய்த சீட்டை எடுத்து வையுங்கள். சுவரேறிக் குதித்துப் பிடித்து வரும் தனியார் விடுதிகளின் ரசீது கோர்ட்டில் நிற்காது. தேசிய போதை மீட்பு உதவி எண் 14446.

டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை எத்தனை வைத்துக்கொள்ளலாம்?

மனமயக்கப் பொருள் பட்டியலில் உள்ள மருந்துகளைத் தன் சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்துக்கொள்ள விதி 66 அனுமதிக்கிறது. நீண்டகாலச் சிகிச்சைக்கு டாக்டர் குறிப்பிட்டு எழுதினால் 300 வரை. அல்பிரசோலம், நைட்ரசெபாம், டிரமடால் போன்றவை இதில் வரும். சீட்டின் நகலும் மருந்துக் கடை பில்லும் பட்டையோடு இருக்கட்டும். பட்டையிலிருந்து உதிர்த்துப் பொதுவான டப்பாவில் போட்டுக்கொண்டு பயணம் போகாதீர்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு ஆபத்து உண்டா?

தெரிந்தே அனுமதித்தால் பிரிவு 25-இன்படி அதே தண்டனை. வீடு, கடை, வண்டி மூன்றுக்கும் இது பொருந்தும். தெரியாது என்பதை வாடகை ஒப்பந்தமும் வாடகைதாரர் விவரமும் காட்டும். பிடிபட்ட வண்டியை வழக்கு முடியும் வரை வெயிலில் துருப்பிடிக்க விட வேண்டியதில்லை. தெரியாமல் நடந்தது என்று காட்டும் உரிமையாளருக்கு இடைக்காலமாகத் திருப்பித் தரலாம் என்று 2025 ஜனவரியில் பிஸ்வஜித் தேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிடிபட்டவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால்?

இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். பிரிவு 37-இன் ஜாமீன் தடை அங்கே வராது. வயதுக்குப் பள்ளிச் சான்றிதழை முதல் நாளே கொடுங்கள். சிறுவரை வைத்து விற்ற பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தில் தனியாக ஏழாண்டு வரை சிறை உண்டு.

கம்பெனி ஊழியர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை நடத்தலாமா?

எல்லாத் தனியார் நிறுவனங்களுக்கும் பொதுவாகப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை, தடுக்கும் சட்டமும் இல்லை. எல்லாம் நியமன ஒப்பந்தத்திலும் நிலையாணையிலும் (நிறுவனத்தின் வேலை விதிகள்) என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எழுதாமல், ஒரு நாள் காலையில் திடீரென்று கப்பை நீட்டினால் மறுக்கலாம். கையெழுத்துப் போட்ட கொள்கையில் இருந்தால், மறுப்பதே ஒழுங்கீனம் ஆகலாம். ஆளைப் பிடித்து வைத்து மாதிரி எடுக்க எந்த நிறுவனத்துக்கும் அதிகாரம் இல்லை.

விமானத் துறை மட்டும் வேறு. 2022 ஜனவரி 31 முதல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. விதிப்படி விமானிகள், விமானப் பணியாளர்கள், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோரில் ஆண்டுக்குக் குறைந்தது 10 விழுக்காட்டினரை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். உறுதிப் பரிசோதனையில் முதல் முறை சிக்கினால் போதை மீட்புச் சிகிச்சை. இரண்டாம் முறை மூன்றாண்டு உரிமம் நிறுத்தம். மூன்றாம் முறை உரிமம் ரத்து. முதலில் சிகிச்சை, பிறகு தண்டனை என்ற இந்த வரிசை நல்ல வரிசை. மற்ற நிறுவனங்களும் கொள்கை எழுதும்போது இதைப் பார்த்து எழுதலாம்.

போதைப்பொருள் தொடவே இல்லை, பாசிட்டிவ் வந்துவிட்டது. எப்படி?

முதல் சோதனை பட்டைச் சோதனை. ஒத்த வடிவமுள்ள வேறு பொருளையும் அது பிடித்துவிடும். சளி மருந்தில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஆம்பெட்டமைன் என்று காட்டலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து ஓபியேட் (அபின் வகை) என்றே காட்டும், அது தவறான முடிவும் அல்ல. குருமாவுக்கு அரைக்கும் கசகசாவிலும் சிறிதளவு மார்ஃபின் ஒட்டியிருக்கும். நிறையச் சாப்பிட்டால் சிறுநீரில் தெரியும்.

ஆகவே செய்ய வேண்டியது: மாதிரி கொடுக்கும் முன் கடந்த இரண்டு வாரத்தில் எடுத்த மருந்துகளைப் படிவத்தில் எழுதுங்கள். குப்பியை உங்கள் எதிரிலேயே சீல் வைத்து, சீல் எண்ணைப் படிவத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் என்றால், எந்தப் பொருள் என்று துல்லியமாகப் பிரித்துக் காட்டும் ஜி.சி.எம்.எஸ். அல்லது எல்.சி.எம்.எஸ். ஆய்வக முறையில் உறுதிப் பரிசோதனையை எழுத்தில் கேளுங்கள். பட்டைச் சோதனையை மட்டும் வைத்து ஆளை நீக்கிய நிறுவனம், தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்தப் பட்டையைத் தவிர வேறு எதையும் காட்ட முடியாமல் நிற்கும்.

கஞ்சா ஒரே ஒரு முறை என்றால் சுமார் மூன்று நாள் வரை தெரியும். தினமும் புகைத்தவருக்கு நிறுத்திய பின்னும் ஒரு மாதம் வரை தெரியலாம். அதனால் பாசிட்டிவ் என்பது வேலை நேரத்தில் போதையில் இருந்தார் என்பதற்குச் சான்று அல்ல. மேற்பார்வையாளர் அன்று என்ன பார்த்தார் என்ற எழுத்துக் குறிப்பு தனியாக வேண்டும்.

பாசிட்டிவ் வந்தால் வேலை போய்விடுமா? போலீஸுக்குச் சொல்லிவிடுவார்களா?

இரண்டும் வேறு வேறு பாதை. சிறுநீரில் இருப்பது பொருளை 'வைத்திருத்தல்' ஆகாது. கம்பெனிச் சோதனையை வைத்து மட்டும் பிரிவு 27 வழக்கை நிரூபிப்பது கடினம். ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக்குக் கிரிமினல் வழக்கின் அளவு நிரூபணம் தேவையில்லை. விடுதலையானாலும் வேலை போகலாம், வழக்கே இல்லாமலும் போகலாம்.

முறை இதுதான்: குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம் கொடுக்க அவகாசம், உள்விசாரணை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு, அறிக்கை நகல், தண்டனைக்கு முன் கடைசி விளக்கம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின்படி நிலையாணை 300 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு. இடைநீக்கக் காலத்தில் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி பிழைப்பூதியம், அதன் பின் 75 விழுக்காடு. விசாரணையைச் சாதாரணமாக 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். கடை, அலுவலகம் போன்ற இடங்களில் ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமலோ, ஒழுங்கீனத்தை விசாரணையில் நிரூபிக்காமலோ நீக்கக் கூடாது என்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் பிரிவு 41 சொல்கிறது. மனிதவளத் துறை அறைக்குக் கூப்பிட்டு 'நீங்களே ராஜினாமா எழுதிவிடுங்கள்' என்றால் அன்றே எழுதாதீர்கள். எழுதிய பிறகு இந்தப் பாதுகாப்பு எதுவும் கைக்கு வராது.

லாக்கரில் பொட்டலம் கிடைத்தது. மேலாளர் என்ன செய்ய வேண்டும்?

தொடாதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், காரில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோகும்போது அது உங்கள் கையில் இருக்கிறது. லாக்கரை அப்படியே மூடி, இரண்டு சாட்சிகளோடு நேரம் குறித்து, சி.சி.டி.வி. பதிவு அழிவதற்குள் எடுத்து வைத்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 10581, நாடு முழுதும் 1933. கழிவறையில் கொட்டித் தண்ணீர் விடுவது நிறுவனத்தைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாட்சியத்தை அழித்தார் என்ற புது வழக்கைத்தான் அது கொண்டுவரும்.

அரசு ஊழியர் கைதானால்?

48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு விதி 17-இன்படி தானாகவே தற்காலிகப் பணிநீக்கம். தனி உத்தரவு பின்னால் வரும்.

டிரைவர்களுக்கு?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185: போதைப்பொருளின் பிடியில் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை, இரண்டாம் முறை இரண்டு ஆண்டு வரை அல்லது 15,000 வரை. வேலையில் விபத்து நடந்து அதற்கு நேரடிக் காரணம் ஊழியரின் போதை என்று முதலாளி நிரூபித்தால் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் உயிரிழப்பும் நிரந்தர முழு ஊனமும் இதற்கு விலக்கு. அப்போது போதையைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. இறந்தவர் வீட்டாரிடம் 'அவர் கஞ்சா அடித்திருந்தார், அதனால் ஒன்றும் கிடையாது' என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வந்தால் போடாதீர்கள்.

பழைய வழக்கைப் புது வேலையில் சொல்ல வேண்டுமா? பாஸ்போர்ட்?

படிவத்தில் கேட்டிருந்தால் சொல்லுங்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலில், சிறிய வழக்கைச் சொன்னவருக்கு வழி இருக்கிறது. மறைத்தவருக்கு, மறைத்ததே தனிக் குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. விடுதலை, அபராதம், நிலுவை எதுவானாலும் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்கு, வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் அந்த நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவு வேண்டும்.

வளைகுடாவுக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இங்கே மருந்துக் கடையில் வாங்கும் டிரமடால், கோடீன் இருமல் மருந்து, தூக்க மாத்திரை ஆகியவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி வாங்கி, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடிப் பொட்டலத்தோடு அதையும் அம்மா கட்டிக் கொடுத்திருந்தால் விமான நிலையத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். 'ஊர்க்காரருக்கு இதைக் கொடுத்துவிடு' என்று யார் பார்சல் தந்தாலும் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டு பக்க விமான நிலையத்திலும் பெட்டியின் மேல் இருக்கும் பெயர் உங்களுடையது.